இறுக்கிக் கெடுத்த செயின்

பொக்லைன் ஓட்டுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எல்லாம் மேலே இருப்பதைப் பற்றித்தான் போகும். பம்ப் வேகம் குறைகிறது, பூம் சிலிண்டரில் ஆயில் கசிகிறது, பக்கெட் பல் தேய்ந்துவிட்டது, கேபினில் ஏசி வேலை செய்யவில்லை. கீழே சக்கரத்துக்குப் பதிலாகச் சேற்றில் புரளும் இரும்புச் செயினைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். இத்தனைக்கும் ஒரு வண்டியின் ஆயுள் முழுக்கப் பராமரிப்புக்கு ஆகும் செலவில் கிட்டத்தட்டப் பாதியை அந்தக் கீழ்ப்பகுதியே விழுங்கிவிடும் என்று தொழிலில் சொல்வார்கள். நானும் பல வருடம் அப்படி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தவன்தான்.

எனக்கு முதன்முதலாக செயின் கழன்றது ஒரு சரிவில். அப்போது 20 டன் வண்டிக்கு வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. சரிவில் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும் என்று தெரியும். ஆனால் வேலை முடியப்போகிற நேரம், குறுக்கே போனால் பாதி தூரம்தான் என்று குறுக்கே விட்டேன். பள்ளத்துப் பக்கச் செயின் ஏற்கெனவே தொய்ந்து கிடந்தது. பாதி வழியில் மேட்டுப் பக்கம் திருப்பினேன். தலை அளவு கல் ஒன்று செயினுக்கும் அதன் முன்பக்கச் சக்கரமான ஐட்லருக்கும் நடுவில் போய்விட்டது போல. 'டங்' என்று ஒரு சத்தம், வண்டி லேசாக உட்கார்ந்தது, அவ்வளவுதான். இறங்கிப் பார்த்தால் செயின் ஐட்லரை விட்டு வெளியே வந்து, பாம்பு சட்டை கழற்றிப் போட்ட மாதிரி மண்ணில் கிடக்கிறது. கீழே டிப்பர்கள் வரிசையாக நிற்கின்றன. டிரைவர்கள் எல்லாம் இறங்கி வந்து வேடிக்கை பார்க்கிறார்கள்.

திரும்ப மாட்ட ஏறக்குறைய ஒரு பகல் போனது. கிரீஸ் வால்வைத் திறந்து ஐட்லரைப் பின்னுக்கு விட்டு, பக்கெட்டை ஊன்றி அந்தப் பக்கத்தைத் தூக்கி, அடியில் கட்டை கொடுத்து, இடையில் சிக்கிய கல்லையும் மண்ணையும் கடப்பாரையால் நோண்டி எடுத்து, முதலில் செயினை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் அதை உட்கார வைத்து, அப்புறம் ரோலர்கள் மேல் நேராக்கி, கடைசியில் கடப்பாரையைச் செயினின் தட்டான ஷூவுக்கும் ஐட்லருக்கும் நடுவில் கொடுத்துக்கொண்டே வண்டியை நகர்த்தும் டிராவல் மோட்டாரை மெல்லச் சுற்றி ஏற்றினோம். ஹெல்பர் பையனுக்கு விரல் தப்பியதே பெரிய விஷயம். செயின் சுற்றும்போது கையை வைக்காதே என்று நான் கேபினிலிருந்து கத்தினேன், அவன் "சரிண்ணே சரிண்ணே" என்று சொல்லிக்கொண்டே வைத்தான்.

உடம்பு வலியை விட அவமானம்தான் பெரிதாக இருந்தது. இனிமேல் என் வண்டியில் செயின் கழலவே கூடாது என்று முடிவு செய்தேன். அடுத்த நாள் காலையில், செயினை இறுக்கும் கிரீஸ் கன்னை எடுத்து இரண்டு பக்கமும் அடித்தேன் அடித்தேன், செயின் வீணைக் கம்பி மாதிரி நிற்கும் வரைக்கும் அடித்தேன். அதன்பிறகு லேசாகத் தொய்வு தெரிந்தாலும் உடனே நாலு அடி. ஒன்றரை வருடத்துக்கும் மேல் இப்படியே ஓட்டினேன். ஒரு தடவைகூடக் கழலவில்லை. எனக்கு ஒரே பெருமை.

வண்டி நகரும்போது கீச் கீச் என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்திருந்தது. டிராவலில் வேகம் கொஞ்சம் குறைந்த மாதிரியும் இருந்தது. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் மேல் பகுதியைத் திருப்பும் ஸ்விங் மோட்டார் வேலைக்காக ஒரு மெக்கானிக் வந்தார். வயதானவர். வேலை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே செயினைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஸ்ப்ராக்கெட் பல்லைத் தடவிப் பார்த்தார். பையிலிருந்து டேப்பை எடுத்து, செயின் மூட்டில் இருக்கும் ஒரு பின்னின் (ஆணி) நடுவிலிருந்து நாலு லிங்க் (கண்ணி) தள்ளி இருக்கும் பின்னின் நடு வரைக்கும் அளந்தார். மறுபடி வேறொரு இடத்தில் அளந்தார். "773" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் உட்கார்ந்து விளக்கினார். இந்த அளவு வண்டியில் புதுச் செயினில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு 190 மி.மீ. சொச்சம் இருக்கும். நாலு லிங்குக்கு 760, கூட ஒன்றிரண்டு. ஒரு லிங்குக்கு 3 மி.மீ. கூடிவிட்டால் அந்தச் செயினின் காலம் முடிந்தது என்று கணக்கு. நாலு லிங்குக்கு 12. என் செயின் அந்தக் கோட்டில் வந்து நின்றுகொண்டிருந்தது.

"இரும்பு எப்படிண்ணே நீளும்?" என்று கேட்டேன். இரும்பு நீளவில்லை. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ், அதாவது இரும்புக் குழல். செயின் ஸ்ப்ராக்கெட்டிலும் ஐட்லரிலும் வளையும்போதெல்லாம் பின் புஷ்ஷுக்குள் உரசித் திரும்புகிறது. எவ்வளவு இழுவையில் திரும்புகிறதோ அவ்வளவு தேய்மானம். பின் ஒரு பக்கமாகத் தேய்கிறது, புஷ் உள்ளே தேய்கிறது, மூட்டுக்கு மூட்டு இம்மி இம்மியாக இடைவெளி விழுகிறது. என் வண்டியில் ஒரு பக்கத்துக்கு 49 லிங்க். லிங்குக்கு 3 மி.மீ. என்றால் மொத்தச் செயினும் ஏறக்குறைய 15 செ.மீ. நீண்டுவிட்டது. நீண்ட செயின் தொய்கிறது. தொய்ந்ததைப் பார்த்து நான் கிரீஸ் அடிக்கிறேன். இறுகியதால் இன்னும் வேகமாகத் தேய்கிறது. மறுபடி தொய்கிறது. நான் மறுபடி அடிக்கிறேன்.

அதோடு நிற்காது. லிங்க் இடைவெளி கூடிவிட்டால் அது ஸ்ப்ராக்கெட் பல் இடைவெளியோடு ஒத்துப்போகாது. புஷ் பள்ளத்தில் சரியாக உட்காராமல் பல்லின் தோளில் ஏறி வழுக்கி இறங்கும். பல் கூராகிக் கொக்கி மாதிரி ஒரு பக்கம் சாய ஆரம்பிக்கும். நான் கேட்ட கீச் சத்தத்தில் அதுவும் உண்டு.

மெக்கானிக் திட்டவில்லை. "கழண்டு விழுந்தா ஒரு நாள் வேலை போகும் தம்பி. நீ இறுக்குனதுல மொத்த செயினும் போச்சு" என்று சொல்லிவிட்டு டேப்பை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். முதலாளியிடம் இதை நான் எப்படிச் சொன்னேன் என்பது தனிக்கதை, இங்கே வேண்டாம்.

அதிலிருந்துதான் அளக்கும் பழக்கம் வந்தது. காலால் உதைத்துப் பார்த்து "சரியா இருக்கு" என்று சொல்லும் ஆட்கள் நிறைய. நானும் சொன்னவன். உதைத்துப் பார்த்தால் செயினுக்கு ஒன்றும் தெரியாது, உங்கள் காலுக்குத்தான் வலிக்கும்.

அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். "எத்தனை செ.மீ. தொய்வு வேணும்ணே?" என்று போனில் கேட்பார்கள். "நீ எப்படி அளக்கப் போற?" என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. சில கம்பெனிக் கையேடுகள் வண்டியைத் தரையில் நிறுத்தியபடியே, மேல் செயினைத் தாங்கும் கேரியர் ரோலருக்கும் ஐட்லருக்கும் நடுவே ஒரு நேர்ச்சட்டத்தை வைத்து அடியில் எவ்வளவு தொய்கிறது என்று பார்க்கச் சொல்லும். இந்த வகை வண்டிகளில் அது கம்பெனியைப் பொறுத்து 1 செ.மீ.யிலிருந்து 5 செ.மீ. சொச்சம் வரைக்கும் இருக்கும். வேறு சில கையேடுகள் ஒரு பக்கத்தைத் தூக்கித் தொங்கவிட்டு, செயினுக்கு உள்ளே இருக்கும் சட்டமான டிராக் ஃபிரேமின் அடியிலிருந்து தொங்கும் ஷூவின் மேற்பரப்பு வரை அளக்கச் சொல்லும். அது 30 செ.மீ.யை ஒட்டி வரும். ஒரு முறையின் எண்ணை இன்னொரு முறையில் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் உங்கள் வண்டியின் கையேட்டில் எந்த முறை இருக்கிறதோ அந்த முறை, அந்த எண். பக்கத்து வண்டிக்காரர் சொன்னது அவர் வண்டிக்கு.

நான் ஓட்டும் வண்டிக்குத் தரையில் வைத்து அளப்பதுதான். ஸ்ப்ராக்கெட் பின்னால் இருக்கும்படி வைத்து, வண்டியின் நீளம் அளவுக்கு மெல்ல முன்னே ஓட்டி, சடக்கென்று நிறுத்தாமல் தானாக நிற்கவிடுவேன். அப்போது தொய்வு எல்லாம் மேல் பக்கம் வந்து சேர்ந்துவிடும். பின்னோக்கி ஓட்டி நிறுத்தினால் மேல் செயின் இழுவையில் நின்று பொய் சொல்லும். இரண்டு பக்கமும் அளந்து நோட்டில் எழுதுவேன்.

களிமண்ணில் வேலை என்றால் இன்னொன்று. சுத்தமாகக் கழுவிவிட்டு அளந்து சரி செய்தால் மனதுக்குத் திருப்தியாக இருக்கும், ஆனால் அரை மணி நேரத்தில் ஸ்ப்ராக்கெட் பல்லுக்கு நடுவே களிமண் அடைத்து, புஷ்ஷை வெளியே தள்ளி, செயின் நான் முன்பு இறுக்கியதை விட மோசமாக இறுகிவிடும். எந்தச் சேற்றில் ஓடப்போகிறதோ அந்தச் சேறு அப்பியிருக்கும்போதே அளந்து, அதற்கு ஏற்ற மாதிரி விட வேண்டும். காய்ந்த மண்ணுக்கு மாறும்போது மறுபடி பார்க்க வேண்டும். சாயங்காலம் மட்டும் ஒரு பக்கமாகத் தூக்கி, செயினைச் சுற்றவிட்டு, ஒட்டியதை உதிர்த்துவிடுவேன். ராத்திரி முழுக்கக் காய்ந்து கல்லாகிவிட்டால் காலையில் கேரியர் ரோலர் சுற்றாமல் நிற்கும். செயின் அதன் மேல் தேய்த்துக்கொண்டே போகும். சுற்றாத ரோலரில் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டால் அப்புறம் அது சுற்றவே சுற்றாது.

தூக்குவது எப்படி என்று தெரியாமல் ஹெல்பர்கள் பயப்படுவார்கள். மேல் பகுதியை 90 டிகிரி திருப்பி, பூமுக்கும் (வண்டியோடு சேர்ந்த பெரிய கை) ஆர்முக்கும் (பக்கெட் மாட்டிய கை) நடுவே 90 முதல் 110 டிகிரி வரை கோணம் வரும்படி வைத்து, பக்கெட்டின் பல்லை ஊன்றாமல் அதன் உருண்டை முதுகை ஊன்றி, மெல்லத் தூக்க வேண்டும். யாராவது அடியில் வேலை பார்க்கப் போகிறார்கள் என்றால் ஃபிரேமுக்குக் கட்டை கொடுத்தே ஆக வேண்டும். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பிக் கீழே யாரையும் விட மாட்டேன்.

கிரீஸ் வால்வைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஐட்லருக்குப் பின்னால் ஒரு பெரிய ஸ்பிரிங் இருக்கிறது. பல டன் அழுத்தத்தில் அமுக்கிக் கட்டியது. கல் சிக்கினால் ஐட்லர் பின்வாங்கிக் கொடுப்பதற்காக அது. அதோடு சேர்ந்தது கிரீஸ் சிலிண்டர். கிரீஸ் அடித்தால் பிஸ்டன் வெளியே வந்து ஐட்லரை முன்னே தள்ளும், செயின் இறுகும். வால்வைத் தளர்த்தினால் கிரீஸ் வெளியேறி ஐட்லர் பின்னே வரும். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் உள்ளே இருக்கும் கிரீஸ் நாம் டப்பாவில் பார்க்கும் கிரீஸ் இல்லை. வால்வை ஒரு சுற்றுக்கு மேல் தளர்த்தினால் வால்வே துப்பாக்கி ரவை மாதிரி வெளியே பறக்கலாம். அதன் நேரே முகத்தையோ முழங்காலையோ வைக்கக் கூடாது. கிரீஸ் வரவில்லை என்றால் இன்னும் ஒரு சுற்று திறப்போம் என்று கை போகும், போகக் கூடாது. வால்வை மூடிவிட்டு வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்திவிட்டு மறுபடி திறந்தால் பெரும்பாலும் வந்துவிடும். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் பெரிதாக இருக்காது. "ஒண்ணுமில்லை" என்று துடைத்துவிட்டு வேலை பார்த்தால் சில மணி நேரத்தில் கை வீங்கி, அறுவை சிகிச்சை வரைக்கும் போகும். அப்படி ஒரு புள்ளியைப் பார்த்தால் உடனே மருத்துவமனை. ஸ்பிரிங்கைக் கழற்றும் வேலை நம் வேலையே இல்லை, அதற்குரிய பிரஸ் உள்ள பட்டறைக்குப் போக வேண்டியது.

ரோலர்களைக் காலையில் ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பேன். என் வண்டியில் அடியில் பக்கத்துக்கு 9, மேலே 2. எல்லாமே உள்ளே ஆயில் நிரப்பி, இரண்டு இரும்பு வளையம் ஒன்றோடொன்று முகம் உரசி மூடும் சீல் போட்டவை. சீல் போனால் முதல் அடையாளம் ஈரம். சுற்றிலும் காய்ந்த தூசி இருக்க, ஒரு ரோலரின் ஓரத்தில் மட்டும் கறுப்பாக, பளபளவென்று தூசி ஒட்டியிருந்தால் அது ஆயில். நீண்ட தூரம் ஓட்டி நிறுத்தியதும் புறங்கையை ரோலர் பக்கம் கொண்டுபோய்ப் பார்ப்பேன், தொடாமல். மற்றவை வெதுவெதுப்பாக இருக்க ஒன்று மட்டும் அனலடித்தால் அதன் கதை முடியப்போகிறது. ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றும் கியர் பெட்டியான ஃபைனல் டிரைவில் கியர் ஆயில் அளவையும் மறக்கக் கூடாது. பெரும்பாலான வண்டிகளில் 2000 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வார்கள். தண்ணீரில் இறக்கி வேலை பார்த்தவர்கள் அதுவரை காத்திருக்காமல் திறந்து பார்க்கலாம். ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது.

ஷூ போல்ட் ஒரு ஷூவுக்கு 4, 49 ஷூவுக்கு 196, இரண்டு பக்கமும் சேர்த்து 392. எல்லாவற்றையும் தினம் பார்க்க முடியாது. சுத்தியலால் ஒரு தட்டு தட்டிக்கொண்டே போனால் தளர்ந்த போல்ட் வேறு மாதிரி சத்தம் கொடுக்கும், அது காதுக்குப் பழகிவிடும். தளர்ந்ததைக் கண்டால் இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச்சால் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கி, அதற்கு மேல் இன்னும் ஒரு மூன்றில் ஒரு பங்கு சுற்று கொடுக்க வேண்டும். என் வண்டிக்கு அப்படித்தான். பைப்பைப் போட்டு ஏறிக் குதிப்பது கணக்கில் சேராது. தளர்ந்தபடியே ஓடவிட்டால் லிங்க்கில் உள்ள ஓட்டை அகண்டுவிடும், பிறகு எந்த போல்ட்டும் நிற்காது.

ஷூ அகலத்தில் ஒரு ஆசை எல்லோருக்கும் உண்டு, அகலமாக இருந்தால் நல்லது என்று. சேற்றில் சரி. 600 மி.மீ. ஷூ போட்ட 20 டன் வண்டி தரையில் கொடுக்கும் அழுத்தம் ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் அரைக் கிலோதான். 70 கிலோ ஆள் ஒற்றைக் காலில் நிற்பதும் கிட்டத்தட்ட அவ்வளவே. 1904-ல் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் பக்கத்துச் சதுப்பு வயல்களில் பெஞ்சமின் ஹோல்ட் தன் டிராக்டருக்குச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு மரப்பலகைச் செயின் மாட்டிப் பார்த்ததும் இதற்காகத்தான், சக்கரம் புதைந்துகொண்டே இருந்தது. ஆனால் பாறையில் அகல ஷூ சத்துரு. ஓரம் கல்லில் ஏறினால் நெம்புகோல் மாதிரி மொத்தச் செயினையும் முறுக்கும். ஷூ வளையும், போல்ட் தளரும், பின் அசையும். புதையாமல் நிற்கும் அளவுக்கு எது குறுகலோ அதுவே போதும்.

இனி ஓட்டும் விதம். கூச்சமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் இதில் நான் செய்யாத தப்பு இல்லை. நின்ற இடத்திலேயே ஒரு செயின் முன்னே, ஒரு செயின் பின்னே என்று பம்பரம் மாதிரி திருப்புவது பார்க்க நன்றாக இருக்கும். ஷூ மண்ணை வழித்து இழுக்கும்போது பக்கவாட்டு அழுத்தம் எல்லாம் லிங்க் ஓரத்துக்கும் ரோலர் விளிம்புக்கும்தான் போகிறது. இடம் இருந்தால் நாலைந்து சின்னத் திருப்பமாகப் போய்விடலாம். நீண்ட தூரம் போகும்போது ஸ்ப்ராக்கெட் பின்னால் இருக்க வேண்டும். மேலே கேபின் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பும், அதனால் எது முன், எது பின் என்றே பலருக்கு மறந்துபோகிறது. ஸ்ப்ராக்கெட் முன்னால் இருக்க ஓட்டினால், மேல் செயின் முழுக்க இழுவையில் நின்று ஐட்லரையும் சேர்த்து இழுக்கும், புஷ்ஷும் பல்லும் அதிகம் உரசும். தேவையில்லாமல் வண்டியை ஓட்டுவதைக் குறைத்தாலே தேய்மானம் நன்றாகக் குறையும். சாப்பிடப் போகிற இடம் வரைக்கும் வண்டியிலேயே போகும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

ரப்பர் செயின் போட்ட சின்ன வண்டிகளைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. எனக்கு அதில் அனுபவம் கொஞ்சம்தான். கூர்க்கல்லில் வெடுக்கென்று திருப்பாதீர்கள், ஆயில் பட்டால் துடைத்துவிடுங்கள், அவ்வளவு சொல்ல முடியும்.

இந்த வாரம் நோட்டில் எழுதிய நாலு லிங்க் அளவு: இடது 764 மி.மீ., வலது 767. செயின் இரண்டும் ஒரே நாளில் மாட்டியவை. யோசித்துப் பார்த்தால் இந்த வேலையில் டிப்பர் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கிறது. லோடு முடிந்து நகரும்போதெல்லாம் நான் ஒரே பக்கமாகத்தான் திரும்புகிறேன். திங்கட்கிழமை டிப்பரை எதிர்ப்பக்கம் நிறுத்தச் சொல்ல வேண்டும்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே புதுப் பையன் கிரீஸ் கன்னோடு வந்து நின்றான்.

"அண்ணே, வலது பக்கம் லேசா தொங்குற மாதிரி இருக்கு. நாலு அடி அடிச்சு விடவா?"

"கன்னை அங்க வை. டேப்பை எடுத்துட்டு வா."